பெரியத்தை பேசிய வசனம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்து போகப் போகச் சாயும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். அவள் எப்போதும் என் சகலையின் கட்சி என்பதால் கொடுக்கவில்லை.

போன வாரம் அவள்தான் தன் போனில் ஒரு படத்துண்டைக் காட்டினாள். இரண்டு நிமிடம்கூட இராது. கறுப்பு வெள்ளை, சத்தம் கிடையாது. கிரீடம் வைத்த ஒரு பெண், போருக்குப் புறப்படும் ராஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி ஏதோ சொல்கிறாள். அவர் என் மனைவியின் பெரியத்தை. முகத்துக்குக் கீழே யாரோ எழுத்துச் சேர்த்திருந்தார்கள்: "நீங்கள் திரும்பும்வரை இந்தக் கோட்டைக்கு என் கண்களே காவல்." அதைப் படித்ததும் முப்பது வருடத்துக்கு முந்தைய வயிற்றெரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. அந்த வசனத்தைச் சொன்னவன் என் சகலை, மனைவியின் அக்காள் புருஷன்.

பெரியத்தையின் அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். தூத்துக்குடிக்கு வந்த நாடகக் கம்பெனியோடு பதினாறு வயதில் சென்னைக்குப் போன பெரியத்தை, பேசாப் படங்கள் ஐந்தில் நடித்தார். மூன்றில் ராணி, ஒன்றில் மோகினி, ஒன்றில் ஆரம்பத்திலேயே செத்துப்போவாராம். பிறகு பேசும் படம் வந்தது. மைக்குக்கு முன்னால் நிறுத்தி நாலு வரி பேசச் சொன்னார்கள். குரல் கரகரப்பு, பேச்சு கடற்கரைப் பேச்சு. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். எதிர்வீட்டில் குடியிருந்த பெண்ணுக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள். பெரியத்தை ஒரு வருடம் காத்திருந்துவிட்டு ஊர் திரும்பி, தையல் மிஷின் வாங்கி, ஜாக்கெட் தைத்தே காலத்தைக் கழித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசி ஆறு வருடம் எங்கள் வீட்டில் இருந்தார்.

அந்த ஆறு வருடமும் அவருக்கு வெந்நீர் வைத்தவன் நான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டவன், ஆஸ்பத்திரிப் படியில் தூக்கிக்கொண்டு ஏறியவன் நான். "நல்லா இருப்பீரு" என்பார். அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை என் சகலையின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டாலே சீப்பைத் தேடுவார். அவன் துறைமுக ஆபீசில் கிளார்க். வரும்போது ஒரு டப்பா மக்ரூன், போகும்வரை ஓயாத பேச்சு.

"வாரும் மாப்ள. ஒரு வாரமா வாயத் தொறக்கல, பேச ஆளில்லாம."

இதை அவர் சொல்லும்போது நான் நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். பெரியத்தையின் சினிமாக் கதைகள் எல்லாமே அவர் அவனிடம் சொல்லும்போது நான் கேட்டவைதான், காப்பித் தம்ளரை ஏந்தி நின்றபடி.

பழைய படங்களைத் தேடி அலையும் ஒருவர் சென்னையிலிருந்து ஒரு வீடியோ கேசட் அனுப்பியிருந்தார். ஐந்து படங்களில் மிஞ்சியது அந்தத் துண்டு மட்டும். வசனம் எழுதிக் காட்டும் பலகை அதில் இல்லை. சகலை வீட்டில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். பெரியத்தை டிவிக்கு மிக அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் என்ன சொல்லுதேன் மாப்ள?"

யாரைப் பார்த்துக் கேட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த அறையில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். நான் நூற்பு மில்லில் வேலை பார்த்தவன். அங்கே மிஷின் இரைச்சலில் காதருகே கத்தினாலும் கேட்காது. ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். பேசாப் படத்தில் வாய் அசைந்தால் போதும், நடிப்பவர்கள் என்ன பேசினாலும் கேட்பாரில்லை. பெரியத்தை அன்று கண்ணீரோடு ராஜாவிடம் பேசியது இதுதான்: "ஏலே, கால எடு, என் கால மிதிக்கே. காலையிலேருந்து கஞ்சிகூட குடிக்கல. எப்பம்லே விடுவானுவ?"

நான் வாயைத் திறப்பதற்குள் சகலை எழுந்து நின்றுவிட்டான். நெஞ்சில் கைவைத்து அந்தக் கோட்டை வசனத்தைச் சொன்னான். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பெரியத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

பிறகு பத்திரிகைக்காரர் வந்தார். வசனம் அச்சில் வந்தது, பக்கத்தில் சகலையின் படத்தோடு. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெரியத்தை அதைப் பேசிக் காட்டத் தொடங்கினார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் மத்தியானம் கண்ணுக்கு மருந்து விடும்போது என்னையும் மீறிச் சொல்லிவிட்டேன்.

"அத்தை, அண்ணாச்சி சொன்னது தப்பு. நீங்க கால மிதிக்கான்னுதான் சொன்னிய. எனக்கு உதடு பார்க்கத் தெரியும்."

உண்மைக்காகச் சொன்னேன் என்று எழுதினால் பொய். அவன் முகம் அவர் மனதில் சின்னதாக வேண்டும் என்றுதான் சொன்னேன்.

பெரியத்தை மருந்து வழிந்த கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்.

"எனக்குத் தெரியாதா வே? அவன் மிதிச்ச நகம் ரெண்டு மாசம் கறுத்துக் கெடந்துச்சு."

"பொறவு ஏன் அவருட்ட கேட்டிய?"

வழிந்த மருந்தை முந்தானையால் துடைத்தார். பிறகு சொன்னார்: "பேசுத படம் வந்தப்பம், ஒரு வசனம் தருவானுவளான்னு வருசம் பூரா வாசலப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ஒருத்தனும் தரல. இந்த வயசுல அவருதான் தந்திருக்காரு. அதுவே இருந்துட்டுப் போட்டும். நீரு யாருட்டயும் சொல்லிராதீரு."

பெரியத்தையின் அடக்கத்தின்போது சகலை அந்த வசனத்தை உரக்கச் சொல்லி அழுதான். நான் மண் அள்ளிப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். இத்தனை வருடமும் சொல்லவில்லை, இப்போது எழுதிவிட்டேன். போனில் அவர் முகத்துக்குக் கீழே அவன் வார்த்தை ஓடுவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பெரியத்தை சொன்னதற்கு மறுநாள் மில்லில் நின்றுகொண்டு, அவருக்குக் கொடுக்க நானும் ஒரு வசனம் யோசித்தேன். ராணி பேசுவது போல, அவனுடையதைவிட நல்லதாக. ஷிப்ட் முடியும்வரை உதட்டை அசைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

எழுதி முடித்தது, ஐப்பசி மாதம் மூன்றாம் ஞாயிறு.