பிரிக்கிற அக்கா

துணிக்கடையின் பின்கட்டில் நீளமான ஓர் அறை. அதில் ஜன்னலோரத் தையல் மெஷின் ஆல்ட்ரேஷன் அக்காவுடையது. புதுத் துணி தைப்பவர்கள் விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார்கள். அக்காவிடம் வருவதெல்லாம் யாரோ தைத்து, யாரோ வாங்கி, யாருக்கோ பொருந்தாமல் போனவை. இடுப்பு பிடிக்கும், தோள் தொங்கும், கை விரல்நுனியை மறைக்கும். அக்கா முதலில் தையலைப் பிரிப்பாள். பிறகு விடவேண்டிய இடத்தில் விட்டு, பிடிக்கவேண்டிய இடத்தில் பிடித்து, மறுபடி தைப்பாள். இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. சரியாகச் செய்திருந்தால் செய்ததே தெரியாது. தெரிந்துவிட்டால் சண்டைக்கு வருவார்கள். ஆகவே இத்தனை வருஷத்தில் அவளைத் திட்டியவர்கள் உண்டே தவிர, பாராட்டியவர் ஒருவரும் இல்லை. அக்காவுக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

சங்கத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தது ஒரு ஜன்னல் திரையால்.

நூலகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் சங்கம் அது. வரிசையாக ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகளையும் பல்சக்கரங்களையும் போல்ட்டு நட்டு போட்டுப் பூட்டி, பாலம், கிரேன், கடிகாரம் என்று பொம்மை செய்வார்கள். பொம்மை என்றால் தலைவருக்குக் கோபம் வரும். ‘மாதிரி’ என்று சொல்ல வேண்டும். தலைவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வார்த்தைகளுக்கும் எடை வரம்பு வைத்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவர் வைத்த பெயர், மறை கழண்ட சங்கம்.

திரை தரையில் புரள்கிறது, அளவெடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் ஏணி எடுத்துவரக் கீழே போனார். அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. மேஜைமேல் ஒரு பாலம் கிடந்தது. தலைவர் ஏணியோடு திரும்பியபோது பாலம் இல்லை. பட்டைகள் நீளவாரியாக அடுக்கியிருந்தன. போல்ட்டு ஒரு கிண்ணத்தில், நட்டு ஒரு கிண்ணத்தில்.

“யாரும்மா இதப் பிரிச்சது?”

“நான்தாங்க. பிரிக்கத்தான் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

தலைவர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். “ஞாயித்துக்கிழமையில உங்களுக்கு என்ன வேலை?” என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சாமான்கள் எல்லாம் சங்கத்துக்குப் பொது. வருஷக் கண்காட்சி முடிந்ததும் எல்லா மாதிரியையும் பிரித்தால்தான் அடுத்த வருஷத்துக்குப் பட்டை கிடைக்கும். ஆனால் பிரிக்க ஒருவருக்கும் மனசு வராது. ஊர்ப் பல்லையெல்லாம் கண்ணிமைக்காமல் பிடுங்கும் பல் டாக்டரே, தன் கிரேனிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றச் சொன்னால் வெளியே போய் போன் பேசுவார். அந்த வருஷம் முதல் அக்கா பிரித்தாள். டாக்டர் பக்கத்தில் நின்று, “பாத்துக்கா, மெதுவா,” என்பார்.

“உங்க கிளினிக்ல நீங்க மெதுவாவா செய்றீங்க?”

“அங்க மரத்துப்போக ஊசி போடுவோம்கா.”

“அப்ப நீங்க ஒண்ணு போட்டுக்கிட்டு வந்திருக்கணும்.”

பிரிபடாமல் தப்பிக்க ஒரே வழி கண்ணாடி அலமாரி. கண்காட்சியில் முதலாவதாக வருவது மட்டும் செய்தவரின் பெயர் எழுதிய அட்டையோடு அடுத்த கண்காட்சிவரை அதற்குள் இருக்கும். விரல்நுனியால்கூட யாரும் தொடக்கூடாது.

போன வருஷம் அக்கா தானும் ஒன்று செய்யப்போவதாகச் சொன்னாள். தலைவர் டீயைக் கீழே வைத்தார். வீட்டில் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடி விசாரித்தார்.

“பூட்டறதும் நீ, பிரிக்கிறதும் நீயா? அப்புறம் மத்தவங்க எதுக்கு?”

“டீ குடிக்க.”

“என்ன செய்யப் போற?”

“தையல் மெஷின்.”

“அதான் கடையில இருக்கே.”

அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு, “ஜெயிச்சா அலமாரியில வைப்பாங்க. ஒரு வருஷம் பிரிக்க மாட்டாங்க,” என்றாள்.

“யாரு பிரிக்க மாட்டாங்க?”

“நான்தான்.”

வீட்டுக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தார். அவரளவில் அது பெரிய ஆதரவு.

மெஷின் மழைக்காலம் முழுக்க வளர்ந்தது. கைப்பிடியைச் சுற்றினால் பெரிய சக்கரம் சின்னதைத் திருப்பும், ஊசி ஏறி இறங்கும், அடியில் ஒரு கொக்கி நூலைப் பிடித்து வளைக்கும். ஓடும்போது அதிர்ந்து நட்டு கழண்டுவிடாமலிருக்க, அக்கா எல்லா இடத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை நட்டுப் போட்டாள். ஊசியும் நூலும் தவிர அத்தனையும் சங்கத்துச் சாமான். தைக்கவும் தைத்தது. ஒற்றை நூல் என்பதால் விழுந்தது சங்கிலித் தையல். கண்ணிக்குள் கண்ணியாகப் போகும். முடிவில் நூல் முனையைக் கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து இறுக்கினால் ஆயுசுக்கும் நிற்கும். நுழைக்காமல் இழுத்தால் மொத்தமும் ஒரே இழுப்பில் வந்துவிடும். இது அக்காவுக்குத் தெரியும். சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை.

கண்காட்சிக்கு நகராட்சி உறுப்பினர் ஒருவர், எங்கோ நீச்சல் குளம் திறந்துவைத்த கையோடு வந்திருந்தார். பரிசுக்குரியதைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். டாக்டரின் கிரேன் ஒரு பேனாவைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கிவைத்தது. கைதட்டினார்கள். திரும்புகிற வழியில் அதன் கொக்கி ஜன்னல் திரையின் ஓரத்தில் மாட்டிக் கொஞ்சம் கிழித்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

அக்கா கைப்பிடியைச் சுற்றினாள். துணி நகர்ந்தது. கோடு போட்டதுபோல் தையல் விழுந்தது. கூட்டம் ஓசையில்லாமல் கிட்டே வந்தது. அக்கா நூலை நறுக்கினாள். முனையைக் கண்ணிக்குள் நுழைக்க விரலை நீட்டினாள். அதற்குள் உறுப்பினர் துணியை எடுத்துக்கொண்டுவிட்டார்.

“அட, பிரமாதம்! கெட்டியா இருக்கா?” என்று நூலைப் பிடித்து இழுத்தார்.

சர்ரென்று எல்லாம் வந்தது. உறுப்பினர் ஒரு கையில் துணியும் ஒரு கையில் நூலுமாக நின்றார்.

“ஐயா, அது முனைய...” என்றாள் அக்கா.

“பரவாயில்லம்மா, முயற்சிதான் முக்கியம்,” என்று சொல்லிவிட்டு அவர் கிரேன் பக்கம் போனார்.

கிரேன் அலமாரிக்குள் போனது. வீட்டுக்காரர் அன்று பஸ்ஸை எடுக்கும்போது கியரை நொறுக்கியதாகக் கேள்வி.

அடுத்த ஞாயிறு அக்கா வழக்கம்போல் வந்தாள். கடிகாரத்தைப் பிரித்தாள், இரண்டு பாலங்களைப் பிரித்தாள், கையைத் துடைத்துக்கொண்டு டீ எடுத்துக்கொண்டாள். மேஜையில் தையல் மெஷின் மட்டும் நின்றது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “இது ஒண்ணு பாக்கி இருக்கேம்மா.”

“ஆமாங்க. பிரிங்க.”

“யாரு, நானா?”

“இத்தன வருஷமா எல்லாருதையும் நான் பிரிச்சேன். என்னுதை யாராச்சும் ஒருத்தர் பிரிக்கக் கூடாதா?”

நியாயமாகத்தான் பட்டது. டாக்டர் ஸ்பேனரை எடுத்தார். ஒரு நட்டைத் திருப்பினால் அடியில் இன்னொரு நட்டு இருந்தது. ஒன்றைத் திருப்பினால் இரண்டும் போல்ட்டோடு சேர்ந்து சுற்றின. நெற்றியைத் துடைத்தார், விளக்கை அருகில் இழுத்தார், பழக்கதோஷத்தில் மெஷினை வாயைத் திறக்கச் சொல்லிவிடுவாரோ என்றிருந்தது. கடைசியில் ஸ்பேனரை வைத்துவிட்டார்.

“வேர் ரொம்ப ஆழமா போயிருக்கு தலைவரே.”

“பெரிய சக்கரத்துல நாலு அதுக்குள்ளதான்யா இருக்கு! அடுத்த வருஷத்துக்கு என்ன செய்றது?”

“கிரேன்லயும் நாலு இருக்கு,” என்றாள் அக்கா. “அத எனக்குக் கண்ணக் கட்டிவிட்டாலும் பிரிக்கத் தெரியும்.”

டாக்டர் எழுந்து போய் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

தலைவர் மெஷினைச் சுற்றி நடந்தார். விதியை மீறுவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. வார்த்தையைத் தேடினார். கிழிந்த திரையின் ஓரம் காற்றில் ஆடியது.

“மாதிரியப் பிரிக்கணும்கிறதுதான் விதி,” என்றார் நிதானமாக. “இது நெசமாவே தைக்குதுன்னா இது மாதிரியே இல்ல. மெஷின். ஏணி, கெட்டில் மாதிரி சங்கத்துச் சாமான். ஏணிய நாம பிரிக்கிறமா?”

யாரும் ஏணியைப் பிரித்ததில்லை என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது.

அக்கா மெஷினை ஜன்னலடிக்கு நகர்த்தினாள். தொங்கிய திரையின் ஓரத்தை மடித்துக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினாள். நூலை நறுக்கினாள். இந்த முறை யாரும் அவசரப்படவில்லை. முனையைக் கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து இறுக்கினாள்.

“இழுத்துப் பாருங்க, டாக்டர்.”

டாக்டர் பிடித்து, கடைவாய்ப் பல்லுக்குப் போடுகிற பலத்தைப் போட்டு இழுத்தார். தையல் அசையவில்லை. திரைக்கம்பிதான் சுவரிலிருந்து பெயர்ந்து வந்து அவர் தோளில் விழுந்தது.

“ஒரு நிமிஷம், ஏணி எடுத்துட்டு வர்றேன்,” என்று தலைவர் கதவு வரை போனார். அங்கே நின்றார். திரும்பி அக்காவின் கைகளைப் பார்த்தார்.

“நீங்க போய்ட்டு வாங்க தலைவரே,” என்றார் டாக்டர், திரையை உதறிவிட்டு அலமாரிக்கு முன்னால் திரும்பப் போய். “நான் இங்கதான் நிக்கிறேன்.”