மகளுக்காக மனு எழுதப் போன மாலை

நான்கு வருடங்களுக்கு முன், பள்ளியிறுதி ஓ லெவல் தேர்வு முடிவு வெளியான மாதம் அது. நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில். தேக்காவில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் பேசிப் பேசி எனக்கு வாய் நீளம்.

எனக்கு ஒரே மகள். பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் தொடக்கக் கல்லூரிக்கான வாய்ப்பை இரண்டு புள்ளியில் தவறவிட்டாள். பாலிடெக்னிக்கில் பாலர் பள்ளி ஆசிரியர் படிப்புக்குப் போகிறேன் என்றாள். நான் விடுவேனா? வீட்டில் ஒரே ரகளை. அதோடு என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு, ‘சாப்பிட்டாச்சு’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். பதினோரு நாள்! படிப்பு தொடங்கியதும் சித்தி வீட்டுக்கே போய்விடப் போவதாக அவள் அப்பாவிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

அப்போதும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். எம்.பி.யிடம் ஒரு கடிதம் வாங்கிவிட்டால் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும், எல்லாம் சரியாகிவிடும்! நம் ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் எம்.பி. கடிதம்தானே. அவளையும் இழுத்துக்கொண்டு, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எம்.பி. நடத்தும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போனேன். வரிசை எண் வாங்கி, எங்கள் முறை வந்ததும், கடிதம் எழுதித் தரும் தொண்டூழியரிடம் கடகடவென்று ஒப்பித்தேன். தமிழ்ப் பெண்தான், முப்பது வயது இருக்கும்.

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, மகளிடம் என்ன விருப்பம் என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடியும் நான்தான். "அக்கா, மனு அவங்க பேர்ல போகுது. அவங்களே சொல்லட்டும்லா" என்றார் சிரித்துக்கொண்டே.

"எனக்கு அப்பீலே வேணாம்" என்றாள் மகள்.

பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போச்சு! அந்தப் பெண் கடிதத்தை ஓரம் கட்டிவிட்டார். சுவா சூ காங்கில் ஒரு குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது, அரசாங்க ஆதரவில் நடக்கிறது, காசு கிடையாது, ஆலோசகரிடம் நானே நேரம் வாங்கித் தருகிறேன் என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை என்று வெடுக்கென்று சொன்னேன். மகளோ, "நான் போறேன்" என்றாள். அவளைத் தனியாக விட்டால் என்னைப் பற்றி என்னென்ன சொல்வாளோ! நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை போனோம். ஆலோசகரும் தமிழர்தான். அவர் வைத்தது ஒரே விதி. ஒருவர் பேச வேண்டும், மற்றவர் பதில் சொல்லாமல், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

"சின்னப் பிள்ளைங்களோட இருந்தா எனக்கு டயர்டே தெரியல" என்றாள் மகள். "கஷ்டமான படிப்பு வேணாங்கிறா சார்" என்றேன். "அப்படிச் சொல்லலையே அக்கா" என்றார். இரண்டாவது தடவையும் நான் பெயில். மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

பிறகு அவள் சொன்னாள்: "ரிசல்ட் வந்தன்னிக்கு நான் அழுதுட்டு இருந்தேன். நீங்க என்னைப் பாக்கல. கடைக்கு வர்றவங்க கேட்டா என்ன சொல்றதுன்னுதான் கேட்டீங்க."

அதை என் வாயால் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். "நீ அழுதுட்டு இருந்த..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. "நான் உன்னைப் பாக்கல" என்று ஒருவழியாக முடித்தேன். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! அங்கேயே எழுந்து குதிக்கலாம் போலிருந்தது.

திரும்பும்போது எல்ஆர்டி ரயிலில் ஏறியதும் பேச ஆரம்பித்தாள் பாருங்கள், வாயை மூடவே இல்லை. பள்ளி விடுமுறையில் ஒரு பாலர் பள்ளியில் தொண்டூழியம் செய்தாளாம். எனக்குத் தெரியவே தெரியாது. அங்கே ஒரு வாண்டு சாப்பிட அடம்பிடித்ததையும் இவள் அதை ஏமாற்றி ஊட்டியதையும் நடித்தே காட்டினாள். சிரித்ததில் எங்கள் நிலையத்தைக் கோட்டைவிட்டோம். ரயில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி சுவா சூ காங்கிலேயே வந்து நின்றபோதுதான் தெரிந்தது. "இன்னொரு ரவுண்டு போலாம்லா" என்றேன். போனோம்!

அதற்குப் பிறகும் சில தடவை ஆலோசகரைப் போய்ப் பார்த்தோம். அவள் சித்தி வீட்டுக்குப் போகவில்லை, விரும்பிய படிப்பை என் வீட்டிலிருந்தே முடித்தாள். பெற்று, பதினாறு வருடம் வளர்த்த பிள்ளையை நான் முதன்முதலாகச் சந்தித்தது அந்தச் சனிக்கிழமைதான் என்றே இன்றும் எனக்குத் தோன்றுகிறது.