காலையில் எண்ணெய், மாலையில் மஞ்சள்

எங்கள் கடற்கரையில் காலையில் எண்ணெய், மாலையில் மஞ்சள். விடிந்ததும் முகத்திலும் கைகாலிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டால்தான் உப்புக்காற்றில் தோல் வெடிக்காது. பொழுது சாய்ந்ததும் பயற்றுமாவும் கஸ்தூரி மஞ்சளும் தேய்த்துக் குளித்தால்தான் மீன்வாடை போகும். உலகமே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் என்னைக் கடலை விட்டுத் தள்ளியிருந்த கோட்டாற்றில் ஒரு கடைக்காரர் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் கடற்கரைக்காரர்கள்தான். அது வெளியே தெரியக் கூடாது என்பதில் அந்த வீடே கண்ணும் கருத்துமாக இருந்தது. அங்கே எல்லாம் தலைகீழ். பெண்கள் காலையில் மஞ்சள் பூசிக் குளித்தார்கள். மாலையில் முகம் கழுவி, டப்பாவிலிருந்து பவுடரை எடுத்து ஒற்றிக்கொண்டார்கள். எண்ணெய் தலைக்கு மட்டும்.

இதெல்லாம் அறியாமல் முதல் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் பூசி முகம் பளபளக்க மாதா கோயில் பூசைக்குக் கிளம்பினேன். கணவரின் அக்காள், என் மைனி, வாசலில் நிறுத்தினாள்.

“ஏட்டி, மொகத்தத் தொடச்சிட்டு வா. பாக்கவிய நம்மளயும் கடப்பொறத்து ஆளுன்னு நெனைக்கப்பிடாது.”

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தேன். அன்றோடு எண்ணெயை விட்டேன்.

அம்மா மீனோடு என்னைப் பார்க்க வருவாள். யாரும் உள்ளே கூப்பிட மாட்டார்கள். கொல்லைப்புறத்தில் நின்றே பேசிவிட்டுப் போவாள். ஒருமுறை அவளிடம் மைனி சொன்னதை வேடிக்கைபோலச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இங்கே காலையில் என்ன பூசுவார்கள், மாலையில் என்ன பூசுவார்கள் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டாள். பெரிய இடத்துப் பழக்கம் தெரிந்தவளைப்போல நானும் அளந்துவிட்டேன்.

நான் உண்டாகியிருந்தபோது, ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அம்மா பலகாரத்தோடு முன்வாசலுக்கே வந்தாள். முகத்தில் பொட்டு எண்ணெய் இல்லை. உதடு பிளந்து ரத்தம் கசிந்திருந்தது. வெடித்த கன்னத்தில் மஞ்சளை அப்பியிருந்தாள். எரிச்சலில் கண்ணில் நீர் வழிந்தது. ஏன் இப்படி வந்தாய் என்று கேட்டேன்.

“எண்ணெ மொகத்தோட வந்தா ஒனக்குத்தான கொறச்சல், மக்கா. இப்பம் செரியா இருக்கா?”

வெட்கத்தோடு தலையை ஆட்டினேன். மைனி வந்து அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அந்த வீட்டில் அம்மாவை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.