மூன்று தட்டு

மனைவி இறந்து ஓராண்டு முடிந்த மறுவாரம், தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றேன். இருபத்தாறு ஆண்டுகள் பல்சக்கரங்களை அளந்தவன். அவள் படுக்கையில் கிடந்த பதினொரு மாதமும் நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், புரட்டிப் படுக்கவைத்தேன். பிறகு மைக்ரோமீட்டரை எடுக்கும்போதெல்லாம், கை வேறொரு வேலைக்குப் பழகிவிட்டது என்று தோன்றியது. நோயாளிப் பராமரிப்பில் மூன்று மாதப் பயிற்சி முடித்தேன்.

"இன்னாபா, ஆயா வேலைக்கா போற?" என்றார் பிரிவில் உடனிருந்தவர். அதையும் டைரியில் எழுதிக்கொண்டேன்.

முதல் வேலை தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போன பெரியவர். அவருடைய மகள், ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றிருந்தார்.

பெரியவரின் இடக்கையில் எப்போதும் ஒரு கரண்டி இருக்கும். அதைக்கொண்டு கட்டில் கம்பியைத் தட்டுவார். தட்டும்போதெல்லாம் தண்ணீர் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் டம்ளரையே தள்ளிவிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா," என்றார் மகள். "முன்னாடி வந்த ரெண்டு பேரையும் இப்டித்தான் தொரத்திட்டாரு. சனிக்கிழம வரைக்கும் பாருங்க, அப்பறம் உங்க இஷ்டம்."

வேலை போய்விடும் என்று புரிந்தது. இதுவும் இல்லையென்றால் எனக்கு வேறெதுவும் இல்லை. மாலை வீட்டில் டைரியைப் புரட்டினேன். பழக்க தோஷத்தில் தட்டுகளையும் நேரத்தோடு குறித்து வைத்திருந்தேன். 8.20, மூன்று. 11.05, மூன்று. 1.15, ஒன்று. 4.10, மூன்று. மூன்று தட்டு இருந்த இடத்திலெல்லாம் அடுத்த வரி ஒன்றுதான்: நாற்காலிக்கோ கட்டிலுக்கோ அவரைத் தூக்கி மாற்றியது. ஒற்றைத் தட்டு, சோறு ஊட்டும்போது.

மறுநாள் காலை மகளிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, கேஜ் மணிண்ணா இது! சுரங்கத்துல ஆளுங்கள ஏத்தி எறக்குற கேஜுக்கு அப்பாதான் மணி அடிப்பாரு. ஒன்னுன்னா நிறுத்து. மூணுன்னா உள்ள ஆளுங்க கீறாங்க, பாத்து மெதுவா இழுன்னு அர்த்தம்." அப்பாவின் பக்கம் கிண்டலாகத் திரும்பினார். "ஏம்ப்பா, இத வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

பெரியவர் பாதி வாயால் சிரித்தார்.

அதுவரை அவரை ஒரே தூக்கில் நாற்பது நொடியில் மாற்றிவிடுவேன். அதைப் பெருமையாகவும் எழுதி வைத்திருந்தேன். மனைவியைத் தூக்கிய நேரங்களும் பழைய டைரியில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அவள் என் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொள்வாள். அதை எங்கும் எழுதவில்லை.

அன்று மூன்று தட்டுக்காகக் காத்திருந்து, மெல்லத் தூக்கினேன். பாதியில் ஒரு தட்டு கேட்டது. நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு, மடங்கியிருந்த முழங்காலைச் சரிசெய்துகொண்டார். மறுபடி மூன்று. நாற்காலியில் அமர்த்த மூன்று நிமிடமாயிற்று.

சனிக்கிழமை கிளம்பும்போது மகள், "திங்கக்கிழமலேர்ந்து நெரந்தரமா வந்துடுங்கண்ணா. நாளைக்கு லீவு எடுத்துக்கோங்க," என்றார்.

கம்பியில் ஒரு தட்டு.

"பாத்தீங்களா, நிறுத்துன்றாரு. லீவு கெடையாதாம்!"

"வரேங்கய்யா," என்றேன் பெரியவரிடம்.

வீட்டுக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் 'காலை 8.00, ஊரிகம்' என்று எழுதினேன். அவள் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் எழுத எனக்கு எதுவும் இருந்ததில்லை.