தீக்குச்சி நிற்கும் நுரை

யார்மிலா முப்பது வருஷம் பால் டேங்கர் ஓட்டியவள். மொராவியாவின் மலைச் சாலையில் நடுவழியில் குழாய் ஒழுகினால் மெக்கானிக்குக்காகக் காத்து நிற்கிற ஆள் இல்லை. தானே படுத்து, தானே முறுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஓய்வு பெற்றதும் கொட்டகையில் பீர் காய்ச்ச ஆரம்பித்தாள். அதிலும் அதே தெனாவட்டு.

எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையின் ஆண்டு விழாவுக்கு இந்த முறை தன் பீர்தான் என்று அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். படைத் தலைவன் ஹினெக் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, உன் பீர் ருசிதான், இல்லேங்கல. ஆனா நுரை நிக்கலன்னா ஊரே சிரிக்கும். எதுக்கும் கம்பெனி பீப்பாய் நாலு வண்டியில வெச்சிருக்கேன்."

"வெச்சுக்கோ. வெயில்ல காயட்டும்."

விழா சனிக்கிழமை. வியாழன் காலை ருசி பார்க்கப் பீப்பாயின் குழாயைத் திறந்தாள். அட கடவுளே! கோப்பையில் வழிந்தது பீரா, ஆறிப்போன டீயா? இருந்த கொஞ்சநஞ்ச நுரையும் கண்ணெதிரே செத்தது. பீரில் நுரை ஏற்றவென்று திங்கட்கிழமை நிரப்பிய கேஸ் சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

முள்ளை விரலால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. புது சிலிண்டரை மாட்டி, சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தடவினாள். பீப்பாய் மூடியைச் சுற்றி வரிசையாகக் குமிழி. கேஸை வெளியேற்றிவிட்டு மூடியைக் கழற்றினாள். ரப்பர் வளையம் உப்பிப்போய் வழுவழுவென்று இருந்தது. மோந்து பார்த்தாள். வெங்காயம் போட்டு உருக்கிய பன்றிக் கொழுப்பு!

"யோவ் ஓல்டா!"

அவள் புருஷன் ஓல்டா கொழுப்பு தடவிய ரொட்டியும் கையுமாகவே வந்து நின்றான்.

"மூடி டைட்டா இருந்துச்சு யார்மி. உனக்குக் கஷ்டமாச்சேன்னு கொஞ்சம் தடவினேன். நல்ல கொழுப்புதான், நம்ம வீட்டுது."

"ரொட்டிக்குத்தான்யா அது நல்லது! ரப்பரும் போச்சு, நுரையும் போச்சு. நாலு பீப்பாய்க்கும் தடவினியா?"

"ஒண்ணுக்குச் செஞ்சு ஒண்ணை விடலாமா?"

அடிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. கொழுப்பு மேலேதான் மிதக்கும். குழாயோ அடியிலிருந்து இழுக்கும். காலியாக இருந்த ஐந்தாவது பீப்பாயைக் கொதிநீரில் கழுவி, முதல் பீப்பாயின் பீரை அதற்கு மெல்லத் தள்ளினாள். பிறகு காலியான முதல் பீப்பாயைத் தேய்த்துக் கழுவி, இரண்டாவதன் பீரை அதற்கு; இப்படியே நாலையும். ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு லிட்டர் வீட்டுப் பன்றிக்கே போனது. எல்லாவற்றுக்கும் புது வளையம் போட்டு, நன்றாகக் குளிரவைத்து, கேஸைக் கூட்டி, பீப்பாய்களைத் தரையில் படுக்கப் போட்டாள்.

"உருட்டு, கேஸ் பீர்ல கரையட்டும்," என்றாள்.

ஓல்டா நாலையும் காலால் முன்னும் பின்னும் உருட்டினான், முனகாமல். வெள்ளி முழுக்க அவற்றை யாரும் தொடவில்லை.

சனி மதியம் ஊரே சுற்றி நின்றது. முதல் கோப்பையை யார்மிலாவே பிடித்தாள். ஹினெக் சட்டைப் பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து நுரையில் நட்டான். எங்கள் ஊரில் அதுதான் தீர்ப்பு: குச்சி சாயாமல் நின்றால் நல்ல பீர். இருபது வரை எண்ணினான். குச்சி அசையவில்லை. எண்ணுவதை விட்டுவிட்டான்.

"டேய், கம்பெனி பீப்பாயை இறக்காதீங்கடா! வண்டியிலேயே கிடக்கட்டும்!"

யார்மிலாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதை அவள் மறைக்கவும் இல்லை. பக்கத்தில் நின்ற ஓல்டா மெல்லக் கோப்பைக்குக் கை நீட்டினான்.

"கை கழுவினியா?"

"ரெண்டு தடவை."

அவன் கையைப் பிடித்து மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.