கோட்டுச்சேரியில் கிடைக்காத மருந்து

காலை ஆறே கால் மணிக்கு மயிலாடுதுறையில் பஸ் ஏறினேன். கோட்டுச்சேரிக்கு டிக்கெட் முப்பது ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தெம்பில்லை. மூன்று வாரமாகக் கண் மஞ்சள். சட்டைப் பித்தான் போடவே மூச்சு வாங்குகிறது. டாக்டர் ஸ்கேன் எடுக்கவும் ஆஸ்பத்திரியில் சேரவும் சொல்லியிருந்தார். சேருவதாக இல்லை. போன வருஷம் என் மனைவி ஆஸ்பத்திரிக்குள் தன் காலால் நடந்து போனாள். திரும்பி வரவில்லை. அதனால்தான் பச்சிலை மருந்தைத் தேடி இந்தப் பயணம்.

நண்டலாற்றுப் பாலம் தாண்டினால் காரைக்கால் எல்லை, அங்கே சரக்கு மலிவு. முதல் மதுக்கடை நிறுத்தத்தில் பாதி பஸ் காலியானது. அவர்கள் கல்லீரலைக் கெடுத்துக்கொள்ளப் போகிறார்கள், நான் கெட்டதைத் தூக்கிக்கொண்டு போகிறேன். எல்லாருக்கும் ஒரே ரூட்தான்.

ஏழே முக்காலுக்குக் கோட்டுச்சேரியில் இறங்கினேன். பச்சிலை மருந்து கொடுக்கும் வீடு மேட்டுப்பக்கச் சாலையில் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ அறுபது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மருந்தம்மா வீட்டுக்குத்தானே? ஒங்க கண்ணே சொல்லுதுங்க."

மருந்தம்மா என்பவர் ஆரோக்கியமேரி. அறுபது வயதிருக்கும். தகரக் கொட்டகையில் கரிசலாங்கண்ணி ஆய்ந்துகொண்டிருந்தார், விரலெல்லாம் கறுப்பு. வரப்பில் களைக்கொல்லி அடிக்கிறார்களாம். விடியுமுன் வாய்க்கால் கரையோடு வெகுதூரம் நடந்தால்தான் நல்ல கீழாநெல்லி கிடைக்கிறதாம். முழங்காலில் துணி சுற்றியிருந்தார். பக்கத்தில் ஆஸ்பத்திரி மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது.

"இது?"

"எனக்குச் சுகருங்க. எல்லாத்துக்குமா எல இருக்கு?"

கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"ஒடம்பு அரிக்குதா?"

"ராத்திரியெல்லாம் தூக்கமில்லைங்க."

"வெளிய போறது என்ன நெறம்? வெக்கப்படாம சொல்லுங்க."

"சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு."

கையிலிருந்த இலையைக் கூடையில் திரும்பப் போட்டார்.

"இது பித்தம் எறங்குற கொழாய்ல அடைப்புங்க. இதுக்கு நான் மருந்து குடுக்க மாட்டேன். இன்னைக்கே ஸ்கேன் எடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தவனிடம் அதே பாட்டா? "ஒரு வேளைக்காவது கொடுங்க," என்று கெஞ்சினேன்.

"குடுத்தா, மோரு சோத்தத் தின்னுகிட்டு பத்தியம்னு வீட்ல ஒக்காந்துருவீங்க. நாளு போயிடும். ஒங்களுக்குப் பயமா இருக்கு, அதானே?"

ஆமாம் என்றேன். மனைவி போன இந்தப் பதினோரு மாதத்தில் அதை ஒருவரிடம் சொன்னது அப்போதுதான். அவள் கதையையும் சொன்னேன். அவர் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்.

எழுந்து, பழக்கதோஷத்தில் "போயிட்டு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். மருந்து கொடுப்பவரிடம் அப்படிச் சொல்லக் கூடாது. நோயும் கூடவே திரும்பி வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. செருப்பை மாட்டினேன்.

"நில்லுங்க," என்றார். "மருந்து வாங்குனவங்கதான் சொல்லக் கூடாது. நான் ஒங்களுக்கு ஒரு எலகூடக் குடுக்கலையே. நல்லா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போங்க."

செருப்போடு அவர் பக்கம் திரும்பினேன்.

"போயிட்டு வரேங்க."

"வாங்க," என்றார்.

கோட்டுச்சேரி பஸ் சாலைக்குத் திரும்பி வந்தபோது மணி ஒன்பது. மயிலாடுதுறை பஸ் ஒன்று வந்து நின்று, என்னைப் பார்த்து ஹாரன் அடித்தது. நான் எதிர்ப்பக்கம் போய், காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டேன்.