இரண்டு சீட்டு விரியோவும் வாண்டா பிலார்ஸ்கியும்

எங்கள் ஹாலோவே ஊரில் வாண்டா பிலார்ஸ்கியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு காலத்தில் கம்பெனி விளம்பரத்தில் அவள் படம் வந்தது, அதனால் தெரியும். அப்புறம் மளிகைக் கடையில் அவளைக் கண்டாலே பலர் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள், அதனாலும் தெரியும். இரண்டுக்கும் காரணம் ஒரே கார்தான்.

டெட்ராய்ட்டுக்கு வடக்கே, கார் செய்வதைத் தவிர வேறு பிழைப்பு அறியாத ஊர் இது. எண்பதுகள் பிறந்தபோது பாதி ஊர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. வாண்டாவின் புருஷன் டெக்சாஸுக்கு வேலை தேடிப் போனான், போனவன் போனவன்தான். அவள் கம்பெனியின் லாரி ஆலையில் சீட்டு தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையும் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கம்பெனி அனுப்பிய மேனேஜர் கார்ல் ஹென்ட்ரிக்ஸன் வந்தான். மூடிக்கிடந்த பழைய பஸ் ஆலையைத் திறந்து அதில் புதுக் கார் செய்யப்போவதாகச் சொன்னான். இரண்டே சீட்டு, சீட்டுக்குப் பின்னால் எஞ்சின், பந்தயக் கார் மாதிரி தோற்றம். விலை மட்டும் ஆபீஸில் டைப் அடிக்கிற பெண் வாங்குகிற விலை. பெயர் விரியோ. கார்ல் டை கட்ட மாட்டான். தொழிலாளிகளோடு வரிசையில் நின்று தட்டை நீட்டுவான். "சார்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேன்" என்பான். எங்கள் ஊரில் அதுவரை எந்த மேனேஜரும் எங்கள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பாழாய்ப்போன அந்த ஒன்றிலேயே நாங்கள் பாதி கவிழ்ந்துவிட்டோம்.

ஆனால் அவன் ஒன்று கேட்டான். எங்களுக்குச் சொத்து என்றால் அது வேலைக்குச் சேர்ந்த தேதிதான். வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளலாம், பெண்டாட்டி விவாகரத்து வாங்கிக்கொண்டு போகலாம், அந்தத் தேதியை மட்டும் ஒருவனும் பிடுங்க முடியாது. ஓர் ஆலையை மூடினால் தேதியைக் காட்டிக் கம்பெனியின் இன்னொரு ஆலைக்குப் போய்விடலாம், அங்கே இளையவன் ஒதுங்கி இடம் விடவேண்டும். விரியோ ஆலைக்கு வருகிறவர்கள் அந்தத் தேதியைத் துறந்துவிட்டு வரவேண்டும் என்றான் கார்ல். இங்கே எல்லாரும் ஒரே நாளில் பிறந்தவர்கள், திரும்பிப்போக வாசல் இருந்தால் யாருக்கும் புதுக் காரில் மனம் ஒட்டாது என்றான்.

யூனியன் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. சம்மதிப்பவர்கள் ஜன்னல் சுவரோரம், மறுப்பவர்கள் கதவுச் சுவரோரம் நின்று தலையெண்ண வேண்டும் என்று தீர்மானம். கார்ல் அரைமணி நேரம் உருக்கமாகப் பேசியும் பழைய ஆட்கள் கதவுப் பக்கமே நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் ஓட்டிஸ் ஹேகுட். அர்கன்ஸாவிலிருந்து வந்தவர், பெயிண்ட் பிரிவில் இருபது வருஷத்துக்கும் மேல் சர்வீஸ், தேவாலயத்தில் கட்டைக் குரலில் பாடுகிறவர். அவர் நகர்ந்தால் பெயிண்ட் பிரிவே நகரும்.

வாண்டா நாற்காலியில் ஏறி நின்றாள்.

"ஓட்டிஸ்! லாரி ஆலை இன்னும் எத்தனை நாளைக்குன்னு நினைக்கிறே? அந்தத் தேதியை வெச்சுக்கிட்டு என்ன, கல்லறையில செதுக்கப்போறியா?"

மண்டபம் சிரித்தது. ஓட்டிஸும் சிரித்தார். "செதுக்க நல்லாத்தான் இருக்கும். அந்த டை கட்டாதவன நம்பச் சொல்றியா?"

"அவன விடுப்பா. என்னை நம்பு. நான் என்னிக்காவது உங்கிட்டப் பொய் சொல்லியிருக்கேனா?"

"இல்ல. அதான் பயமா இருக்கு."

தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு, மண்டபத்தின் குறுக்கே நடந்து ஜன்னல் பக்கம் வந்து அவளருகில் நின்றார். பெயிண்ட் பிரிவு பின்னாலேயே வந்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

முதல் இரண்டு வருஷம் சொர்க்கம். விரியோ விற்ற வேகத்துக்கு எங்களால் செய்து மாளவில்லை. எஞ்சினும் பின்சக்கரங்களும் பூட்டிய இரும்புச் சட்டத்துக்குத் தொட்டில் என்று பெயர். அது கீழிருந்து எழும்பிவர, மேலிருந்து காரின் உடல் இறங்க, இரண்டையும் முடுக்கிச் சேர்ப்பது வாண்டாவின் வேலை. கார் வாங்கியவர்களுக்குத் தொழிலாளிகளே போன் போட்டு எப்படி ஓடுகிறது என்று விசாரிக்கவேண்டும் என்பது கார்லின் ஏற்பாடு. வாண்டாவுக்கு ஒஹையோவில் ஒரு பள்ளி ஆசிரியை வாய்த்தாள். "நீங்கதான் பூட்டினீங்களா? உங்க கைக்கு முத்தம் குடுக்கணும்" என்றாள் அவள். வாண்டா அதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. தானும் சிவப்பில் ஒன்று வாங்கினாள். விளம்பரத்தில் அதன்மேல் சாய்ந்து நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

குறை இல்லாமல் இல்லை. செலவைக் குறைக்க வேறு கார்களின் உதிரிகளைத்தான் உள்ளே வைத்தார்கள். எஞ்சின் ஒரு கிழட்டுச் செடான் காருடையது. அது சின்ன இடத்தில் அடங்குவதற்காக எண்ணெய்த் தொட்டியைக் குறுக்கிவிட்டார்கள். "எண்ணெய் கொஞ்சம் குறைஞ்சாலும் உள்ள உடையும், உடைஞ்சா தீப்பிடிக்கும்" என்று வாண்டாவின் குழு கூட்டத்திலேயே சொன்னது. கார்ல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். மேலிடத்தில் செலவு வேண்டாம் என்றார்களாம். கம்பெனியில் விலையுயர்ந்த பந்தயக் கார் ஒன்று ஏற்கெனவே இருந்தது. இந்தச் சின்னது அதற்குப் போட்டியாக வளர்வதில் அங்கே யாருக்கும் இஷ்டமில்லை.

அப்புறம் கார்கள் எரிய ஆரம்பித்தன. டி.வி.யில் காட்டினார்கள். "வாண்டா, சாசேஜ் கொண்டாரேன், உன் கார்ல சுட்டுத் தர்றியா?" என்று மதுக்கடையில் கேலி. ஒருநாள் ஒஹையோ ஆசிரியையே போன் செய்தாள். அவளுடைய கார் நெடுஞ்சாலையோரம் நின்று எரிந்துபோனதாம். "நல்ல காருன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். வாண்டா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

விற்பனை விழுந்தது. இரண்டு ஷிஃப்ட் ஒன்றாயிற்று. கார்ல் எல்லாரையும் கூட்டினான். மேலிடத்தில் சண்டைபோட்டுப் பணம் வாங்கிவிட்டேன், எண்ணெய்த் தொட்டியையும் பின்சக்கர அமைப்பையும் அடியோடு மாற்றப்போகிறோம், இது ஜெயித்தால் ஆலை பிழைக்கும் என்றான். மாதிரி வண்டிகளைச் சரிபண்ணச் சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வரமுடியுமா என்று கேட்டான். போனோம். யூனியன் ஊரில் சும்மா வேலை செய்வது எவ்வளவு பெரிய கேவலம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வாண்டா வீடு வீடாகப் போன் செய்து ஆள் திரட்டினாள்.

புது மிஷின்கள் வந்து இறங்கின. ஓட்டிஸ் அவற்றைச் சுற்றிச்சுற்றி வந்தார்.

"இங்க பாரு. மிஷினு மரச்சட்டம் மேலயே நிக்குது. தரையில ஒரு துளைகூடப் போடல. நிக்கப்போற மிஷின்னா காங்கிரீட்ல இறுக்குவானுங்க."

"அவசரத்துல வெச்சிருப்பாங்கப்பா. உனக்கு எதுலயும் சந்தேகம்!"

"எனக்கென்ன, நீ சொன்னாச் சரி."

அந்தப் புது விரியோ! ஏரிக்கரை வளைவில் வாண்டா அதைத் திருப்பியபோது சாலையைக் கவ்விக்கொண்டு போனது. முழங்கால் மோவாயில் இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓட்டிஸ் வாய்விட்டுச் சிரித்தார். "முதல்லயே இப்படிச் செய்ய விட்டிருக்கலாமில்ல, படுபாவிங்க" என்றார்.

மார்ச் மாதத்து ஒரு காலையில் ஒலிபெருக்கியில் முன்பின் தெரியாத குரல், கோடையோடு விரியோ நிற்கிறது, ஆலை மூடப்படுகிறது என்று அறிவித்தது. கார்ல் ஊரிலேயே இல்லை. லாரி ஆலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூடும் என்று வாண்டா மண்டபத்தில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன அதே ஆலை. எங்கள் ஆட்கள் அங்கே போய் நின்றார்கள். தேதி இல்லை, புது ஆள் கணக்கு, இளவட்டங்களுக்குப் பின்னால் நில் என்றார்கள். ஐம்பத்து மூன்று வயதில் ஓட்டிஸ் போய் நின்றார்.

இரண்டு வாரம் கழித்து கார்ல் வாண்டாவின் வீட்டுக்கு வந்தான். டை கட்டியிருந்தான்.

"லான்ஸிங் ஆலைல பயிற்சி குடுக்கிற வேலை இருக்கு, வாண்டா. உன் பழைய தேதியோட. பேசி வாங்கிட்டேன்."

"எத்தனை பேருக்கு?"

"உனக்கு."

வாண்டா அடுப்பை அணைத்தாள். "மூடப்போறது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவன் சமையல்மேஜை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "அக்டோபர்ல."

"மிஷின் வந்தப்பவேவா?"

"அதெல்லாம் வாடகைக்கு..."

"அப்ப எங்களச் சனிக்கிழமை எதுக்கு வரச்சொன்னீங்க?"

"ஒரு வருஷமாவது அந்தக் கார் சரியா வரணும்னு இருந்தது. நீயும்தானே ஆசைப்பட்டே?"

அவன் கண் கலங்கியிருந்தது. பொய் அழுகை இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. காருக்காக அழுகிறான்.

"எந்திரிங்க. எங்க மேஜையில உட்கார்ந்து சாப்பிட்டது போதும்" என்றாள்.

நேரே ஓட்டிஸ் வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் அழுக்குப் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள். லான்ஸிங் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டதையும் சொன்னாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

"வேணாம்னுட்டியா? எடுத்திருக்கலாம். நம்மள்ல ஒருத்தருக்காவது தேதி திரும்பக் கிடைச்சிருக்கும்."

"எப்படிப்பா எடுப்பேன்? அவன் நம்ம எல்லாரையும் ஏமாத்தியிருக்கான்."

ஓட்டிஸ் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "உன்னை ஏமாத்தினான். அவன் அரைமணி நேரம் பேசினப்ப நான் நின்ன இடத்தை விட்டு நகரல, வாண்டா. நீ கூப்பிட்டே, வந்தேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவருடைய மனைவி சாப்பாடு ஆறுகிறது என்று கூப்பிட்டாள். அவர் பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே போனார். அந்த வீட்டில் வாண்டாவைச் சாப்பிடக் கூப்பிடாதது அதுதான் முதல் தடவை.